யானையின் தீனிக் கணக்கு

டெல்லி கரோல் பாகில் பழைய கார்கள் விற்கும் தெருக்களில் சற்று நேரம் நடந்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். ஒரு காலத்தில் தொழிலதிபர்களும் பெரிய அதிகாரிகளும் பின் சீட்டில் சாய்ந்தபடி போன பெரிய பெட்ரோல் கார்கள், தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் அதிகம் குலையாமல், புத்தம் புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. கையில் நாலைந்து லட்சம் வைத்துக்கொண்டு சின்னக் கார் பார்க்க வந்தவர், பக்கத்தில் நிற்கும் பென்ஸை ஒரு முறை சுற்றி வருகிறார். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார். அந்தச் சத்தத்திலேயே பாதி மனம் மாறிவிடுகிறது.

விலை இப்படிச் சரிவதற்குக் காரணங்கள் உண்டு. சொகுசுக் காரை முதலில் வாங்குபவர் ஐந்தாறு வருடத்தில் அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். இரண்டாவது, மூன்றாவது கை மாறும்போது உதிரி பாகங்களின் விலையை நினைத்தே பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தலைநகர் வட்டாரத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 15 ஆண்டு கடந்த வாகனங்கள் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் உத்தரவிட்டது. டீசலுக்கு அடுத்த ஆண்டில் 10 வருடம் என்று வரம்பு வந்தது. உச்ச நீதிமன்றமும் 2018-ல் இதை வலியுறுத்தியது. 2025-ல் அதே நீதிமன்றம் கெடுபிடியைத் தளர்த்தினாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ நல்ல கார்கள் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்கு அடிமாட்டு விலையில் போய்ச் சேர்ந்தன.

ஆனால் காரின் விலைதான் இறங்கியதே தவிர, அதன் பசி இறங்கவில்லை. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின் உள்ள கார், ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் லிட்டருக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர்தான் தரும். காருக்கு வயதாகிவிட்டது என்பதற்காக பங்க்கில் யாரும் தள்ளுபடி தருவதில்லை. 2021-ல் நாட்டின் பல நகரங்களில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது, சின்னக் கார் வைத்திருந்தவர்களே முகம் சுளித்தார்கள். யானை வாங்கியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மாதம் பெருமையில் போகும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் காரில் போய் இறங்கியாகிவிட்டது. இரண்டாவது மாதம் பெட்ரோல் பில்லைக் கூட்டிப் பார்க்கிறார்கள். மூன்றாவது மாதம் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போகும்போது, எந்த ஊர் மெக்கானிக்கும் எந்த மொழியிலும் சொல்லக்கூடிய அந்த யோசனை வருகிறது: "கேஸ் போட்டுடலாமே சார். டிக்கியில ஒரு டேங்க், பானெட்டுக்குள்ள ஒரு கிட். செலவு பாதியாயிடும்."

இந்த யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

காரை கேஸில் ஓட்டுவது இந்தியாவில் ரகசியமாகத் தொடங்கிய பழக்கம். 1990-களில் வேன்களிலும் அம்பாசடர்களிலும் பின் பக்கம் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அன்று அது சட்டப்படி குற்றம். எல்.பி.ஜி.யை வாகன எரிபொருளாக அரசு ஏற்றுக்கொண்டது 2000-ல்தான். மோட்டார் வாகனச் சட்டம் அந்த ஆண்டு திருத்தப்பட்டது. எந்த டேங்க், எந்த வால்வு, யார் விற்கலாம், யார் பொருத்தலாம் என்பதற்கான உத்தரவு 2001-ல் வந்தது. 'ஆட்டோ எல்.பி.ஜி.' பங்க்குகள் அதன் பிறகு முளைத்தன. 2006-ல் மாருதி நிறுவனமே பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் வேகன்-ஆர் டுயோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் ஆட்டோக்கள் இந்த எரிபொருளுக்கு மாறின. கார்களைப் பொறுத்தவரை பிறகு சி.என்.ஜி. முந்திக்கொண்டது. ஆனாலும் பெட்ரோல் காரில் எல்.பி.ஜி. கிட் பொருத்துவதற்குச் சட்டம் இடம் தருகிறது. 2022-ல் பி.எஸ்.-6 ரகக் கார்களுக்கும் அதற்கான விதிகள் வந்தன.

முதலில் உண்மையான பாதியைப் பார்க்கலாம். எல்.பி.ஜி. நல்ல எரிபொருள். அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல். விலை உயர்ந்த 'பிரீமியம்' பெட்ரோலைக் கேட்கும் பெரிய எஞ்சின்களுக்கு இது பொருந்தும். தட்டும் சத்தம் வராது. புகை குறைவு, எஞ்சின் ஆயிலும் சீக்கிரம் கறுக்காது. ஆனால் எல்.பி.ஜி. எடை குறைந்த திரவம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்பத்தில் முக்கால் பங்குதான் ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் இருக்கிறது. அதனால் லிட்டர் கணக்கில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவாகும். "விலை பாதி, ஆகவே செலவு பாதி" என்ற கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஆட்டோ எல்.பி.ஜி. 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் 7 கிலோமீட்டர் தரும் கார் கேஸில் ஐந்தரை தரும். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 30 காசு. கேஸில் 10 ரூபாய் 90 காசு. மிச்சம் 3 ரூபாய் 40 காசு. ஆறு சிலிண்டருக்கு நல்ல கிட், டேங்க், கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகிறது என்றால், அந்தப் பணம் திரும்பி வரக் கிட்டத்தட்ட 17,700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஒரு வருடம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுத்து மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்து வருடம். அதற்குள் கார் இன்னொரு கை மாறியிருக்கும். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அவரவர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முடிவு பெரும்பாலும் இதுதான்: லாபம் காரின் விலையிலோ எஞ்சின் அளவிலோ இல்லை, ஓடும் தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கிட் பொருத்திய கார் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். டேங்க்கிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்குவதற்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் ரேடியேட்டர் தண்ணீரின் சூடு வேண்டும். தண்ணீர் ஓரளவு சூடான பிறகே கார் கேஸுக்கு மாறும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு இரண்டு கிலோமீட்டரில் திரும்புகிற காருக்கு அந்த மாற்றம் வருவதற்குள் வீடே வந்துவிடும். கேஸ்தான் இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்க்கைக் காலியாக வைப்பதும் தவறு. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். வற்றிப்போனால் பம்ப் எரியும். சொகுசுக் கார் பம்ப்பின் விலை, பல மாத மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

கிட்களிலும் இரண்டு ரகம். பழைய 'மிக்சர்' ரகம் விலை மலிவு. காற்று போகும் வழியில் ஒரு வளையத்தை வைத்து, கேஸை அங்கேயே கலந்துவிடும். எஞ்சினுக்குள் போகும் குழாய் முழுவதும் எரியக்கூடிய கலவை நிறைந்து நிற்கும். பிளக்கோ பிளக் வயரோ பலவீனமாக இருந்தால், தீ பின்னோக்கிப் பாய்ந்து பானெட்டுக்குள் பட்டாசு வெடித்தது போலச் சத்தம் கேட்கும். பழைய அம்பாசடரின் இரும்புக் குழாய் இதைத் தாங்கும். சொகுசுக் காரில் அந்தக் குழாய் பெரும்பாலும் பிளாஸ்டிக். பக்கத்தில் காற்றை அளக்கும் நுட்பமான சென்சார் வேறு. ஒரு வெடிப்பில் இரண்டும் போகலாம்.

இரண்டாவது 'சீக்வென்ஷியல்' ரகம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர். காரின் கம்ப்யூட்டர் பெட்ரோல் இஞ்செக்டருக்கு அனுப்பும் கட்டளையைப் படித்து, அதே கணத்தில் அதே அளவுக்கு ஏற்ற கேஸை விடும். பிக்கப் குறைவது தெரியாது, வெடிப்புப் பயமும் மிகக் குறைவு. பெரிய காருக்கு இதுதான் சரி. விலை அதிகம் என்பதால் பலர் தயங்குவதும் இங்கேதான்.

எல்லாப் பெட்ரோல் கார்களும் இதற்கு ஒத்துவராது. 1995-ல் புனேயில் தயாராகத் தொடங்கிய பென்ஸ் இ-220 போன்ற கார்களில் பெட்ரோல், வால்வுக்கு வெளியே குழாயில் தெளிக்கப்படுகிறது. அவற்றில் வேலை எளிது. பின்னாளில் வந்த பல சொகுசுக் கார்களில் பெட்ரோல் நேராக எரியும் அறைக்குள்ளேயே பாய்கிறது. அங்கே பெட்ரோலை முழுவதும் நிறுத்தினால் அதன் இஞ்செக்டர் முனை வெந்துபோகும். கேஸில் ஓடும்போதும் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான கிட் வேறு, விலை வேறு, மிச்சமும் குறைவு. சில எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் கேஸின் வறண்ட சூட்டில் சீக்கிரம் தேயும். தன் எஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் பட்டறைக்குள் காரை விடுவது, ரத்த வகை பார்க்காமல் ரத்தம் ஏற்றுவது போல.

இனி ஆபத்தான பாதி. காருக்கென்று செய்த எல்.பி.ஜி. டேங்க்குக்கும் அடுப்படிச் சிலிண்டருக்கும் பார்வைக்கு அதிக வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் இருப்பது கிட்டத்தட்ட அதே வாயு. வித்தியாசம் வால்வில் இருக்கிறது. காரின் டேங்க்கில் 80 சதவீதம் நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. மீதி 20 சதவீத இடம், வெயிலில் திரவம் விரிவதற்காக. அழுத்தம் எல்லை மீறினால் வெளியே விடும் வால்வு உண்டு. குழாய் அறுந்தால் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு உண்டு. எஞ்சின் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மின்சார வால்வு உண்டு. கசிந்தாலும் காருக்குள் வராமல், அடிப்பக்கமாக வெளியே போகும்படி வால்வைச் சுற்றி ஒரு மூடிய பெட்டி உண்டு. மோதினால் பிய்த்துக்கொண்டு வராதபடி, சட்டத்தோடு சேர்த்து முடுக்கிய பட்டைகள் உண்டு.

அடுப்படிச் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஒரு ரப்பர் குழாயைச் செருகினால் இவற்றில் எதுவுமே இல்லை. அது அசையாமல் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது. குழியிலும் மேட்டிலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்குவதற்காக அல்ல. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் அது 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்ட காரிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கிலும் அந்தப் பொறிக்கு எத்தனையோ வழி இருக்கிறது.

ஒரு வால்வு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் பிரான்சில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 ஜனவரியில் லியோன் நகரை அடுத்த வெனிசியூவில் ஒரு எல்.பி.ஜி. கார் தீப்பற்றி எரிந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் அருகில் இருக்கும்போது டேங்க் வெடித்தது. அவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அது பட்டறைக் கோளாறு அல்ல. அழுத்தத்தை வெளியே விடும் வால்வு அந்த டேங்க்கில் இல்லை. அன்று பிரான்சில் அது கட்டாயமும் இல்லை. அதன் பிறகே கட்டாயமாக்கினார்கள். இன்று ஐரோப்பிய எல்.பி.ஜி. கார்களில் அந்த வால்வு இல்லாத டேங்க்குக்கு அனுமதி இல்லை.

ஆக, கேஸ் என்றாலே பயம் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியர்கள் பல பத்தாண்டுகளாக கேஸில் கார் ஓட்டுகிறார்கள். உலகமெங்கும் விற்கும் கிட்களைச் செய்யும் லாண்டி ரென்சோ நிறுவனம் அங்கே 1954-ல் தொடங்கியது. ஹாங்காங்கின் டாக்சிகள் எல்.பி.ஜி.யில் ஓடிப் பல ஆண்டுகளாகின்றன. தென் கொரியாவில் டாக்சிகள், மாற்றுத் திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் இருந்த எல்.பி.ஜி. கார் அனுமதி, காற்று மாசைக் குறைப்பதற்காக 2019-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஹூண்டாயின் பெரிய காரான கிராண்டியர் அங்கே தொழிற்சாலையிலிருந்தே எல்.பி.ஜி.யோடு வந்தது. சொகுசுக் காரை கேஸில் ஓட்டுவது அந்த ஊரில் கௌரவக் குறைச்சல் இல்லை. அதே சமயம் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்க ரயிலில் எல்.பி.ஜி. கார்களை ஏற்ற மாட்டார்கள். மூடிய இடத்தில் கனமான வாயு என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் அடுப்படிச் சிலிண்டர் காருக்குப் போவதற்கு ஒரே காரணம் விலை வித்தியாசம். வீட்டுச் சமையலுக்கென்று விலை குறைத்துத் தரப்படும் வாயு அது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 20 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு சின்னக் குடும்பம் ஒரு மாதத்துக்கு மேல் சமைக்கும் வாயுவை அந்தப் பெரிய கார் 140 கிலோமீட்டரில் குடித்துத் தீர்த்துவிடும். இந்தக் கசிவைத் தடுக்கத்தான் 2012-ல் மானிய சிலிண்டர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். 2015 முதல் மானியத்தை நாடு முழுவதும் நேராக வங்கிக் கணக்கில் போட்டார்கள். சமையல் சிலிண்டரை வாகனத்தில் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் உண்டு.

முறையாகச் செய்பவர் என்ன செய்ய வேண்டும்? கிட் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ஒப்புதல் இந்த எஞ்சின் அளவுக்கும் செல்லுமா என்பது. கிட் விற்பவர்களின் கண் அதிகம் விற்கும் சின்னக் கார்கள் மேல்தான் இருக்கும். மூன்று லிட்டர் எஞ்சினுக்கான சான்றிதழைக் கேட்டால், "அதெல்லாம் ஓடும் சார்" என்ற பதில் வரலாம். ஓடுவது வேறு, ஒப்புதல் வேறு. பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியிலும் ஏற்ற வேண்டும். அதற்கான கூடுதல் பிரீமியம் சொற்பம்தான். தெரிவிக்காமல் விட்டால், விபத்தின்போது அந்த பாலிசி வெறும் காகிதமாகிவிடலாம். டேங்க்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்து, மாதம் ஆயிரத்துக்கு மேல் கிலோமீட்டர் ஓட்டி, போகும் வழியில் எல்.பி.ஜி. பங்க்கும் இருந்தால், பெரிய காரை கேஸுக்கு மாற்றுவது புத்திசாலித்தனம்தான். அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பணத்துக்குப் பெட்ரோலே போட்டுக்கொள்ளலாம். அல்லது காரையே விற்றுவிடலாம். யானையைக் கட்டித் தீனி போட முடியாது என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பட்டறைகளில் நடக்கும் பேரம் பெரும்பாலும் வேறு விதமாக முடிகிறது. தோல் இருக்கைக்கு உறை மாற்றப் பணம் கொடுத்தவர், ஸ்பீக்கருக்குப் பணம் கொடுத்தவர், டேங்க்கிலும் வால்விலும் வந்து நின்று, "கொஞ்சம் குறைத்துச் செய்யுங்களேன்" என்கிறார். மெக்கானிக்கும் குறைத்துச் செய்து தருகிறார். சாயங்காலம் அதே காரில் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அவர்கள் சாய்ந்து உட்காரும் சீட்டுக்கும் டிக்கியில் இருக்கும் அந்தச் சிலிண்டருக்கும் நடுவே இருப்பது ஒரு பஞ்சும் ஒரு தகடும்தான்.